டெரியரின் முடி யார் வேலை?

டெரியர் நாயின் முடியைப் பேணுவது வசதியுள்ளவர்களின் அலங்காரச் செலவு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. ஜெயங்கொண்டம் போன்ற ஊரில் டெரியர் வளர்ப்பவர்கள் அதற்கென ஒரு கடையைத் தேடுவதும், கிடைக்காவிட்டால் முடியை அப்படியே விட்டுவிடுவதும் இந்த எண்ணத்தால்தான். ஆனால் இந்த வேலை பிறந்தது கடையில் அல்ல, நாய் வளர்த்தவர்களின் முற்றத்தில். பிரிட்டனின் பண்ணைகளில் எலியைக் கொல்லவும், நரியை வளையிலிருந்து கிளப்பவும் வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. முள்ளும் ஈரமும் தோலைத் தொடாதபடி பல டெரியர் வகைகளுக்கு மேலே கம்பி போன்ற முரட்டு முடியும் அடியில் மென்மயிரும் அமைந்தன. மேல்முடி முதிர்ந்ததும் வேரில் தளர்ந்துவிடும், ஆனால் முழுவதும் தானாக உதிராது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, முடி வளரும் திசையிலேயே சிறிது சிறிதாகப் பறித்தால் அந்த இடத்தில் புதுமுடி முரடாக முளைக்கும். கத்தரித்தால் செத்த முடியின் அடி அங்கேயே தங்கும்; மென்மயிர் மேலோங்கும், நிறமும் மங்கும். வேட்டைக்குப் போகும் நாய்க்கு முடி பறிப்பது கவசத்தைச் செப்பனிடும் வேலை.

இது அலங்காரமானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1859இல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் கென்னல் கிளப், 1876இல் ஃபாக்ஸ் டெரியர் கிளப் தோன்றின. சார்லஸ் கிரஃப்ட் 1886இல் லண்டனில் நடத்திய முதல் கண்காட்சியே டெரியர்களுக்கானதுதான். உடலமைப்புக்கு எழுத்தில் இலக்கணம் வந்தபின் தாடியும் கால்முடியும் மதிப்பெண்ணுக்கு உரியவையாயின. நெசவாலை ஊர்களில் எலி பிடித்த யார்க்‌ஷயர் டெரியர், நீண்ட பட்டுமுடியோடு வரவேற்பறைக்கு வந்ததும் இக்காலத்தில்தான். அதன் முடி பறிக்கும் வகையல்ல, சீவிக் கத்தரிக்கும் வகை. தமிழ் வீடுகள் பலவற்றுக்கு டெரியர் முதலில் வந்தது இசைத்தட்டின் முகப்பில், ஒலிபெருக்கிக் குழலைப் பார்த்தபடி. 1884இல் பிரிஸ்டலில் பிறந்த நிப்பர் என்ற அந்தக் கலப்பு டெரியருக்குக் குட்டை முடிதான். பறிக்கவும் கத்தரிக்கவும் அதில் ஒன்றுமில்லை.

நம் நாட்டு நாய்களுக்கு யாரும் முடி திருத்தியதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே குட்டை முடி நாய்கள். இந்த வெயிலுக்கு அதுவே போதும். ஆனால் அவற்றைக் கவனிக்க வேண்டியதில்லை என்று அதற்குப் பொருளல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, எருமைகளுக்காக உயிர்விட்ட வீரனோடு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற நாயையும் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறது. உழைத்த நாயை வீட்டு ஆளாக மதித்த மரபு இது. இன்றைக்கு அந்த மதிப்பின் முதல் வேலை, உண்ணி பார்ப்பது. பழுப்பு நிற நாய் உண்ணி எர்லிக்கியா, பெபீசியா கிருமிகளைப் பரப்புகிறது. ஒட்டியபின் நேரம் ஆக ஆக ஆபத்து கூடும். முரட்டு முடிக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. காதின் உட்புறம், அக்குள், விரல் இடுக்கு என்று தடவிப் பார்க்கும் கைக்குத்தான் அகப்படும். மாதம் ஒருமுறை போகும் கடையால் அன்றாடம் இதைச் செய்ய முடியாது. முந்திரிக்காட்டுப் பக்கம் உலவிவிட்டு வரும் நாய்க்கு அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

கோடையில் மொட்டையடித்துவிட்டால் உண்ணியும் தெரியும், உடம்பும் குளிரும் என்பது அடுத்த வாதம். பாதி உண்மைதான்: உண்ணி தெரியும். ஆனால் நாய் நம்மைப்போல் உடல் முழுக்க வியர்ப்பதில்லை. முக்கியமாக மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஒட்ட மழித்த தோலில் சித்திரை வெயில் நேராக இறங்கும், வெளிர்தோல் நாய்க்கு வெந்தும் போகும். தளர்ந்த முடியைப் பறித்து, மென்மயிரைச் சீப்பால் வாரி எடுத்தாலே காற்று தோலுக்குப் போகும். கண்காட்சிக்குப் போகாத வயதான நாயின் தோல் பறிப்பதைத் தாங்காவிட்டால் கத்தரிக்கோல் தவறில்லை. கடையின் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. சடை விழுந்த முடிக்கும் சதைக்குள் வளைந்த நகத்துக்கும் பழகிய கை வேண்டும், சீழ்பிடித்த காதுக்குக் கால்நடை மருத்துவரே வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சீப்பைப் பிடிப்பதும், தினமும் விரலால் உண்ணி தேடுவதும் வளர்ப்பவரின் வேலை.