பாவில் அறுந்த இழையும் படத்தில் தோன்றும் வளையமும்

1971 ஒக்டோபர் 1ஆம் திகதி, இலண்டன் விம்பிள்டனிலிருந்த அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், பெண் நோயாளி ஒருவரின் மூளை முதன்முதலாக சிடி ஸ்கேன் செய்யப்பட்டது. கருவியை உருவாக்கியவர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவீடுகள். ஆக 28,800 எண்கள். அவை காந்த நாடாவில் பதியப்பட்டு, வேறிடத்திலிருந்த பெருங்கணினிக்கு அனுப்பப்பட்டன. இயந்திரம் தந்தது எண்களை மட்டுமே. படம் பின்னர் கணிதத்தினால் பிறந்தது.

அந்தக் கணிதத்தில் நம்மவர் பங்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்று, பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்ற ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அதே 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எண்களிலிருந்து படத்தை விரைவாக மீட்டெடுக்கும் வழியை அது காட்டிற்று. வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தனர். ஆகவே முதன்மை கோருவது முறையன்று. எனினும் அந்த வடிகட்டி இன்றும் 'ராம்-லாக்' என்றே அழைக்கப்படுகிறது. 1979இன் நோபல் பரிசோ ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மக்குக்கும் போயிற்று.

இவ்வடிகட்டிக்கு ஒரு குணமுண்டு. நுண்ணிய விபரங்களைத் தூக்கிக் காட்டும். கூடவே நுண்ணிய பிழைகளையும் தூக்கிக் காட்டும். மூல எண்களை முதலில் பார்க்கவேண்டியது இதனாலேயே.

கல்முனைப் பக்கத்தவருக்கு இதை விளக்க மருதமுனைத் தறியே போதும். பாவில் ஓர் இழை அறுந்தால், கவனியாது நெய்த துணியின் நீளம் முழுவதும் நேர்கோடு விழும். உணரிகள் பல வளைவாய் அமைந்து உடலைச் சுற்றும் பிற்கால ஸ்கேனர்களிலும் இதுவே நடக்கும். கோணவாரியாக எண்களை அடுக்கிய 'சைனோகிராம்' என்னும் படத்தில், உடலின் ஒவ்வொரு புள்ளியும் அலைபோல் வளைந்து செல்லும். பழுதுற்ற உணரி மட்டும் நேர்கோடாய் நிற்கும். அங்கே அதைக் காண்பது எளிது. கணக்கு முடிந்தபின் அதே கோடு வட்ட வளையமாகி மூளைப் படத்தின்மேல் படிந்துவிடும். நோயின் அடையாளமா, கருவியின் குறையா என்று வைத்தியர் திணறுவது அப்போதுதான்.

எண்களுடன் வரும் குறிப்புகளையும் ஒப்புநோக்கவேண்டும். கோண இடைவெளி, சுழற்சி மையம், புள்ளியின் அளவு, நோயாளி படுத்திருந்த திசை யாவும் அவற்றிலுண்டு. மையம் சற்று விலகினால் விளிம்புகள் இரட்டிக்கும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இடம் வலமாக மாறினாலோ படம் அழகாகவே இருக்கும். சத்திரசிகிச்சை நிபுணரின் கத்தி மறுபக்கத்தில் இறங்க அவ்வளவு போதும்.