பகிடி முடிஞ்ச பிறகு வந்த சிரிப்பு

எங்கட பெரியம்மா கீமோ எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அவவின் வட்ஸ்அப்புக்கு ஒரே செய்தி நாலைந்து பேரிடமிருந்து வந்தது. யாரோ ஒரு அமெரிக்கர் பகிடிப் படம் பார்த்துச் சிரிச்சே தீராத வருத்தத்தை மாற்றினவராம், நீங்களும் சிரியுங்கோ. அதை எனக்குக் காட்டி, "அப்ப நான் சிரிக்காமல் இருந்தபடியாலோ இது வந்தது?" எண்டு கேட்டா. பகிடியாகத்தான் கேட்டவ. எனக்குச் சிரிப்பு வரேல்லை. அந்த அமெரிக்கர் யார் எண்டு தேடப் போய்த்தான் இவ்வளவையும் வாசிக்க நேர்ந்தது.

அவர் பெயர் நோர்மன் கசின்ஸ். 'சற்றடே ரிவியூ' சஞ்சிகையின் ஆசிரியர். 1964 இல் சோவியத் ஒன்றியத்துக்குப் போய்த் திரும்பியவருக்கு உடம்பு அசைக்க முடியாமல் இறுகிப்போனது. முள்ளந்தண்டைப் பிடிக்கும் ஒருவகை மூட்டுவாதம் என்றார்கள். முழுசாக மாற ஐந்நூறில் ஒரு வாய்ப்புத்தான் என்றார் ஒரு நிபுணர். கசின்ஸ் 'கண்டிட் கமரா' நிகழ்ச்சியையும் மார்க்ஸ் சகோதரர்களின் பழைய படங்களையும் ஓடவிட்டுப் பார்த்தார். 10 நிமிசம் வயிறு குலுங்கச் சிரித்தால் 2 மணித்தியாலம் நோவில்லாமல் நித்திரை வருகிறது என்று எழுதினார். 1976 இல் ஒரு பெரிய மருத்துவ சஞ்சிகையே அவருடைய கட்டுரையைப் போட்டது. 1979 இல் அது புத்தகமானது.

வட்ஸ்அப்பில் வராத பகுதி வேறு. அவர் வைத்தியசாலையை விட்டு ஒரு ஹோட்டல் அறைக்கு மாறினார். சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற வைத்திய நண்பர் கூடவே இருந்தார். விற்றமின் சி நரம்பு வழியாகப் பெருமளவில் ஏறியது. 'கண்டிட் கமரா' படச்சுருள்களை அனுப்பினவர் அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளரேதான். இவ்வளவுக்குள் எது அவரை எழுப்பியது, எதுவுமே இல்லாமல் தானாக எழும்பியிருப்பாரா என்பதை ஒரு ஆளை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. கசின்ஸும் சிரிப்பு மட்டுமே மருந்து என்று சொன்னவரில்லை.

ஆனால் கதை ஓடத் தொடங்கிவிட்டது. மும்பையில் மதன் கட்டாரியா என்ற குடும்ப வைத்தியர், சிரிப்பின் நன்மைகள் பற்றி ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரை எழுத இருந்தவர், கசின்ஸை வாசித்தார். இதை எழுதுவதைவிடச் செய்து பார்த்தாலென்ன என்று 1995 மார்ச் 13 காலமை பூங்காவுக்குப் போய்விட்டார். முதல்நாள் சேர்ந்தது 5 பேர். வட்டமாக நின்று ஆளுக்கொரு பகிடி. கொஞ்ச நாளில் கூட்டம் ஐம்பதைத் தாண்டியது.

இரண்டு கிழமைக்குள் பகிடி முடிந்துபோனது. மிச்சமாக வந்தவை தூசணப் பகிடிகளும் ஆட்களை நோகடிக்கிறவையும்தான். இனி வரமாட்டோம் என்று சிலர் சொல்லிவிட்டார்கள். இதில் புதினம் ஒன்றுமில்லை. தொல்காப்பியம் நகை பிறக்கும் நாலு இடங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பதே எள்ளலைத்தான். ஒவ்வொரு நாளும் பகிடி வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருத்தர் மாட்டுப்படத்தான் வேண்டும்.

கட்டாரியா ஒரு நாள் தவணை கேட்டார். அடுத்த நாள் வந்து சொன்னது: பகிடி வேண்டாம், சும்மா சிரிப்போம். நடித்த சிரிப்புக்கும் உண்மைச் சிரிப்புக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாதாம். யோகா படிப்பித்த அவருடைய மனைவி மாதுரியின் துணையோடு மூச்சுப் பயிற்சியும் சேர்ந்தது. கை தட்டி 'ஹோ ஹோ ஹா ஹா ஹா', நாக்கை வெளியே நீட்டிச் சிங்கச் சிரிப்பு. சிரிப்பு யோகா இப்படித்தான் பிறந்தது. அது எத்தனையோ நாடுகளுக்குப் போய், 1998 இல் உலகச் சிரிப்பு தினம் வரைக்கும் வந்துவிட்டது. யாரையும் எள்ளாமல் சிரிக்க ஒரு வழி கண்டுபிடித்ததுக்காகவே எனக்கு இந்த மனிசரைப் பிடிக்கும்.

உடம்புக்கு வித்தியாசம் தெரியாது என்பதைத்தான் என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை. 1862 இலேயே பிரெஞ்சு வைத்தியர் டுஷேன், முகத் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்து, உண்மைச் சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் அசைகிறது, அது எங்கட விருப்பத்துக்கு லேசில் மசியாது என்று எழுதிவிட்டார். 1988 இல், பேனையைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு கேலிச்சித்திரம் பார்த்தவர்களுக்கு அது கூடுதல் பகிடியாகத் தெரிந்ததாக ஒரு பரிசோதனை சொன்னது. 2016 இல் 17 ஆய்வுகூடங்கள் அதைத் திருப்பிச் செய்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. 2022 இல் 19 நாடுகளில் செய்த பெரிய ஆய்வில், சிரித்த முகத்தைப் பார்த்து அதேபோல முகத்தை வைத்துக்கொண்டவர்களுக்கு மனம் கொஞ்சம் லேசானது. கொஞ்சம்தான்.

உடற்பயிற்சிக் கணக்கும் அப்படியே. ஒரு நாளைக்கு 10 தொடக்கம் 15 நிமிசம் சிரித்தால் எரிவது 10 முதல் 40 கலோரி. ஒரு பிஸ்கட்டோடு சரி. இதயம் வேகமாக அடிக்கும், பிரிமென்றகடும் வயிற்றுத் தசையும் வேலை செய்யும், பொய்யில்லை. குடலிறக்கம் உள்ளவர்களும் புதிதாகச் சத்திரசிகிச்சை செய்தவர்களும் அடக்கித்தான் சிரிக்கவேணும். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு இழுப்பே வந்துவிடும்.

எனக்குப் பலமாகப் படுவது வேறு ஆட்களின் வேலை. அமெரிக்காவில் ரொபர்ட் புரொவைன், மனிசர் எப்போது சிரிக்கினம் எண்டு கவனித்தார். தனிய இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு கூடச் சிரிக்கிறோம், அதுவும் பெரும்பாலும் பகிடியே இல்லாத சாதாரணக் கதைக்கு. ஒக்ஸ்போர்டில் ரொபின் டன்பாரின் குழு, நகைச்சுவை பார்த்துச் சிரித்தவர்கள் அதற்குப் பிறகு கூடுதல் நோவைத் தாங்கினதாக 2011 இல் காட்டியது. கசின்ஸின் 2 மணித்தியால நித்திரைக்கு இது கொஞ்சம் கிட்ட வருகிறது. ஆனால் அது நோவைத் தாங்குகிற கதை, வருத்தம் மாறுகிற கதையில்லை. பூங்காவில் பகிடி முடிஞ்ச பிறகும் ஆட்கள் வந்தது ஏன் எண்டு இதை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கினது.

எல்லாத்தையும் பெரியம்மாவுக்குச் சொன்னேன். டுஷேன் வந்த இடத்தில் கொட்டாவி விட்டா. ஹோட்டல் கதையில்தான் நிமிர்ந்து இருந்தா. "அந்த அறைக்கு எவ்வளவு காசாம்?" ஆஸ்பத்திரிச் செலவில மூண்டில ஒண்டு எண்டு அவரே எழுதியிருக்கிறார் என்றேன்.

"எங்கட பெரியாஸ்பத்திரி சும்மாதானே மோனை, சும்மாவில மூண்டில ஒண்டு எவ்வளவு?" எண்டு கேட்டுவிட்டு, இருமல் வரும் வரைக்கும் சிரிச்சா.