வேலிக்கு எத்தனை பேர்

மரக்காணத்துக்குச் சங்க காலத்துப் பெயர் எயிற்பட்டினம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் வருகிற ஊர். எயில் என்றால் மதில். அந்த மதிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவன் ராத்திரி எங்கே படுத்தான் என்பது பாட்டில் இல்லை.

நான் அளத்து வேலைக் குடும்பம். எங்க ஆயாவும் அம்மாவும் பாத்தி மிதிச்சு, உப்பு வாரி, கால் வெடிச்சுப் போனவங்க. அதனால் வேலி, வரப்பு, மதில் என்று எதையாவது சுற்றி வளைக்கிற சொல்லைக் கண்டால் எனக்கு ஒரே கேள்விதான். இதைப் போடச் சொன்னது யார், போட்டது யார்?

பழைய இங்கிலீஷில் இந்த வகைச் சொல் ஏராளம். இன்றைக்கு 'டவுன்' என்கிறோமே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அது 'டூன்'. முதலில் அதற்கு வேலி என்று அர்த்தம். பிறகு வேலி போட்ட இடம், பிறகு பண்ணை, பிறகு கிராமம், கடைசியில்தான் பட்டணம். அதன் பங்காளிச் சொல்லான 'ட்சௌன்' ஜெர்மன் மொழியில் இன்னமும் வேலிதான். 'யார்டு' என்பதும் அடைப்பு. 'ஹெட்ஜ்' செடி வளர்த்துப் போடுகிற உயிர்வேலி. 1871 மாட்டு அத்துமீறல் சட்டத்தில் வருகிற பவுண்டு இருக்கிறதே, மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற இடம், அதுவும் அடைப்பு என்ற பழைய சொல்தான். நிறுக்கிற பவுண்டுக்கும் அதற்கும் உறவில்லை.

தமிழும் இந்த விஷயத்தில் சளைத்ததில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தையே வேலி என்று அளந்தார்கள். 20 மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. பத்து வேலிக்காரர் என்றால் பெரிய மனிதர். அந்த வேலிக்கு முள் வெட்டினவனை எந்த வேலிக்காரன் என்று சொல்வது?

எனக்குப் பிடித்த சொல் 'டீச்'. பள்ளம், கரை இரண்டுக்கும் பழைய இங்கிலீஷில் இந்த ஒரே சொல்தான். பின்னால் அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று 'டிச்' என்கிற பள்ளமாச்சு, இன்னொன்று 'டைக்' என்கிற கரையாச்சு. மெட்ராஸில் நம்ம சனங்க சாக்கடையை 'டிச்சு' என்பது இதுதான். படித்தவர்களுக்கு இது வேடிக்கை. அளத்தில் மண் வெட்டினவனுக்கு இதில் அதிசயமே கிடையாது. வரப்புக்கு மண்ணு எடுத்த இடந்தான் வாய்க்கா. வெட்டற கைக்கு ரெண்டும் ஒரே வேலை, ஒரே கூலி.

உப்புக்காகவே வெள்ளைக்காரன் ஒரு வேலி வளர்த்தான். வடக்கே சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதி வரைக்கும், சுமார் 2,300 மைல் சுங்கக் கோடு. உப்பு வரியில்லாமல் தாண்டக் கூடாது. அதில் நெடுந்தூரம் கருவேலம், இலந்தை, களா, கள்ளி என்று முள்ளாகவே வளர்த்து, ஆள் உயரத்துக்கும் இரண்டு மடங்கு ஏற்றினார்கள். சுமார் 12,000 பேர் காவல். அதை வளர்த்து எடுத்த அதிகாரிகளில் முக்கியமானவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1885இல் காங்கிரஸைத் தொடங்கினாரே, அதே ஹியூம்தான். பாடப் புத்தகத்தில் இரண்டாவது மட்டும் இருக்கும்.

மரக்காணத்துக்கு அந்த வேலி வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. 1805 முதலே மதராஸ் மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகம். விளைகிற இடத்திலேயே பிடி. ஆனால் வடக்கே 1879இல் அந்த வேலியைக் கைவிட்டதற்கு நாம்தான் பணம் கட்டினோம். எல்லா மாகாணத்திலும் வரி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நடுவில் வேலி எதற்கு என்று கணக்குப் போட்டு, வங்காளத்தில் வரியைக் குறைத்து, இங்கே மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்ததை 2 ரூபாய் 8 அணா ஆக்கினார்கள். தாது வருஷப் பஞ்சம் சனத்தைக் கொன்று முடித்த கையோடு இது நடந்தது. கஞ்சிக்கு உப்புப் போடுவதிலும் கை வைத்தார்கள்.

இனி நம்ம சொல்லுக்கு வருவோம். சேரி என்பது சேர்ந்திருக்கிற இடம், அவ்வளவுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் குடியிருந்த பகுதிகளுக்கே சேரி என்றுதான் பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும், வரியில்லாத இடங்களின் பட்டியலில், சுடுகாட்டோடு சேர்ந்து வருகின்றன. அக்கிரகாரம் பேரை மாற்றிக் கொண்டு போய்விட்டது. சேரி நம் தலையில் நின்றது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு எழுதினபோது, குடியிருக்கிற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் விரட்டலாம் என்பதை எடுத்துச் சொன்னார். மறுவருஷம் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலம் எங்கே போச்சு என்பது தனிக் கதை.

சேரிக்குப் பதில் வந்தது காலனி. லத்தீனில் அது குடியேறி உழுகிறவனின் ஊர். இங்கே அது பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனின் சாதியைச் சொல்கிற சொல். 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மழையில் சரிந்து 17 பேரைக் கொன்றது சொல் இல்லை, கருங்கல் சுவர். உத்தப்புரத்தில் 2008 மே 6ஆம் தேதி அரசே ஒரு பகுதியை இடிக்க வேண்டியிருந்ததும் சுவர்தான். பேரை எடுக்கிற அதே ரிஜிஸ்டரில், எந்த ஊரில் எந்தச் சர்வே நம்பரில் எத்தனை அடிச் சுவர் நிற்கிறது, யார் கட்டினது என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளட்டும்.