மொரோக்கோ: பயணக் குறிப்புகள்

வட ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் இரண்டையும் ஒட்டிய நாடு. 2011 அரசியலமைப்பின்படி அரபியோடு அமாசிக்கும் ஆட்சிமொழி. நகரங்களில் பிரெஞ்சும் கைகொடுக்கும். நாணயமான திர்ஹாம் வெளிநாடுகளில் எளிதில் கிடைக்காது. போய் இறங்கியபின் மாற்றிக்கொள்வதே நல்லது. டாஞ்சியரிலிருந்து காசாபிளாங்காவுக்கு 2018 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. நகருக்குள் ஓடும் சிறிய டாக்சிகளில் ஏறியதும் மீட்டர் போடச் சொல்ல வேண்டும்.

எதைக் குறைத்தாலும் ஃபெஸ் பழைய நகருக்கான நாளைக் குறைக்கக் கூடாது. 1981 முதல் யுனெஸ்கோ உலக மரபுக்களமான அதன் சந்துகளில் கார் நுழைய முடியாது. பின்னாலிருந்து ‘பாலாக்!’ என்று குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்க வேண்டும். மூட்டை சுமந்த கோவேறு கழுதை வந்துகொண்டிருக்கும். இதே பழைய நகரிலுள்ள சுவாரா என்ற தோல் பதனிடும் இடத்தின் தொட்டிகளைச் சுற்றியுள்ள கடை மாடிகளிலிருந்து பார்க்கலாம். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நெடி குமட்டும். மூக்கில் வைத்துக்கொள்ளக் கடைக்காரர்களே புதினாக் கொத்து தருவார்கள். அங்கே தோல்பொருள் வாங்குவதானால் பேரம் பேசுவது இயல்பு.

பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதோர் செல்ல இயலாது. காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசலை வழிகாட்டியுடன் உள்ளே சென்று பார்க்கலாம். ரமலான் மாதத்தில் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும். அப்போது பொதுவிடத்தில் உண்பதைத் தவிர்ப்பது மரியாதை. மனிதர்களைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும்.