கல்லூரி மாணவரின் தமிழ் எழுத்து: பரிதிமாற்கலைஞர் காட்டிய வழி

கல்லூரி மாணவர்களைத் தமிழில் நன்றாக எழுத வைக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. அதன் முன்னோடிகளுள் ஒருவர் பரிதிமாற்கலைஞர் எனப்படும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903). முப்பத்து மூன்று வயதில் மறைந்த அவர், ஆசிரியராக இருந்தது ஏறத்தாழப் பத்தாண்டுகளே. ஆயினும் அக்காலத்தில் அவர் செய்தவை இன்றைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படுவன.

பின்னணி

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கப்பட்டது. அதன் கல்லூரிகளில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழ் ஒரு மொழிப் பாடமாக மட்டும் இருந்தது. பட்டம் பெற்ற பலர் ஆங்கிலத்தில் சரளமாக எழுதினர். தமிழில் ஒரு கட்டுரை எழுதத் தயங்கினர். செய்யுளும் இலக்கணமும் கற்பிக்கப்பட்ட அளவுக்கு உரைநடை எழுதும் பயிற்சி கிடைக்கவில்லை.

இயற்றமிழ் மாணவர்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியார், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1892-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு அக்கல்லூரியிலேயே தமிழாசிரியரானார். வகுப்பறை நேரம் போதாது என்பதை உணர்ந்த அவர், தமிழில் ஆர்வம் மிக்க மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தனியே பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர்களை ‘இயற்றமிழ் மாணவர்’ என்று அழைத்தார். தேர்வுக்காக அல்லாமல் மொழிக்காகவே கூடிய சிறு குழு அது.

எழுதியதற்கு ஓர் இடம்

எழுதுபவனுக்கு வாசகன் வேண்டும். 1897-இல் தொடங்கிய ‘ஞானபோதினி’ இதழில், உடன் பணியாற்றிய மு. சி. பூரணலிங்கம் பிள்ளையுடன் சேர்ந்து அவர் உழைத்தார். அவருடைய ‘மதிவாணன்’ என்னும் உரைநடைக் கதை அவ்விதழில் தொடராக வந்தது. ‘நாடகவியல்’, ‘தமிழ் மொழியின் வரலாறு’ ஆகிய நூல்களையும் எழுதினார்.

தம் எழுத்தையும் அவர் சோதனைக்கு உட்படுத்தினார். ‘தனிப்பாசுரத் தொகை’யைப் பரிதிமாற்கலைஞர் என்ற புனைபெயரில் வெளியிட்டார். எழுதியவர் யார் என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்பாடல்களை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1902-ஆம் ஆண்டுச் சிக்கல்

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் விலக்கப்படும் நிலை 1902-இல் எழுந்தது. பரிதிமாற்கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்து வாதாடினர்; அம்முயற்சி கைவிடப்பட்டது. பாடமே இல்லையென்றால் எழுத்துப் பயிற்சிக்கு இடமேது? தமிழை ‘உயர்தனிச் செம்மொழி’ என்று அவர் நிறுவ முயன்றதற்கும் இதில் தொடர்பு உண்டு. நடுவண் அரசு 2004-இல் தமிழைச் செம்மொழியாக அறிவித்தது.

பின்வந்தோர்

வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் எழுத்தராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்த மு. வரதராசனார், 1939-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளரானார். ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ முதலிய கடித நூல்களில் அவர் கையாண்ட சிறுசிறு வாக்கியங்கள், எளிமையாகவும் ஆழமாக எழுதலாம் என்பதை இளைஞர்களுக்குக் காட்டின. அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்னும் நூல், ஒற்று மிகும் இடம், மிகா இடம், சொற்பிழை, நிறுத்தக் குறிகள் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளுடன் விளக்கியது.

1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு தமிழ்வழியில் தொடங்கியது. வரலாற்றையும் பொருளியலையும் தமிழிலேயே எழுத வேண்டிய தேவை மாணவர்க்கு உண்டாயிற்று. அதற்கான பாடநூல்களைத் தமிழ் வெளியீட்டுக் கழகம் வெளியிட்டது.

இன்றைய நிலை

போளூர், ஜமுனாமரத்தூர் பகுதிகளிலிருந்து திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் பலர், தம் வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்பைத் தொடுபவர்கள். ஜெராக்ஸ் குறிப்புகளை மனப்பாடம் செய்து தேர்வில் வென்றுவிடலாம். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகளில் சொந்தமாக விரித்து எழுத வேண்டும். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது. கருத்து இருந்தும் எழுத வராதவர் பின்தங்குகிறார்.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, நான்கைந்து மாணவர் கொண்ட சிறு குழுவே போதும். ஒவ்வொருவர் எழுத்தையும் ஆசிரியர் வரிவரியாகப் படிக்க அது இடம் தரும். இரண்டாவது, மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றிப் பிறர் படிப்பதற்காகவும் எழுத வேண்டும். கல்லூரி மலரோ கையெழுத்து இதழோ அதற்கு உதவும். மூன்றாவது, திருத்துபவர் தாமும் எழுத வேண்டும். எழுதிப் பார்த்த ஆசிரியருக்கே மாணவன் எங்கே தடுமாறுகிறான் என்பது விளங்கும். பரிதிமாற்கலைஞர் இம்மூன்றையும் பத்தாண்டுக்குள் செய்து காட்டினார்.