இடம் இல்லேன்னு சொன்ன பொட்டி

கல்யாண வீட்டில் ரூம் ஒதுக்குவதற்கென்றே ஒரு சித்தப்பா இருப்பார், பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு நோட்டு, காதில் பேனா. "பாட்டிக்கு மாடி ஏற முடியாது, கீழ் ரூம் குடு. கைக்குழந்தைக்காரிக்கு பாத்ரூம் ஒட்டின ரூம். சம்பந்தி வீட்டுக்கு ஏசி." முதலில் ஒத்துவராத ரூமையெல்லாம் அடித்துவிடுவார். மிச்சம் இருப்பதில் எதில் கூட்டம் குறைவோ அங்கே ஆளை அனுப்புவார். எல்லாம் நிரம்பிவிட்டால் கையை விரிப்பார்.

பல வருஷமாக அடியேன் ஆணி புடுங்குவது இந்த மாதிரி ஒரு சித்தப்பாவிடம்தான். அவர் பேர் நோவா ஷெட்யூலர். ஒரு கம்பெனி சொந்தமாக சர்வர்களை வாங்கி அடுக்கி, ஒவ்வொன்றையும் பல விர்ச்சுவல் மெஷின்களாகத் துண்டு போட்டு, தன் ஆட்களுக்கே கேட்டவுடன் கொடுத்தால் அதற்குப் பெயர் பிரைவேட் கிளவுட். அதற்கான மென்பொருட்களில் பேர் பெற்றது ஓப்பன்ஸ்டாக். புது மெஷின் கேட்டு பட்டனைத் தட்டினால் அது எந்த சர்வரில் போய் உட்காரவேண்டும் என்று முடிவு செய்வது இந்த ஷெட்யூலர். கையை விரிக்கும்போது இவர் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்: "நோ வேலிட் ஹோஸ்ட் வாஸ் ஃபவுண்ட்". தகுந்த சர்வர் எதுவும் அகப்படவில்லையாம். ஏன் அகப்படவில்லை? அதைச் சொல்லமாட்டார். இந்த ஒற்றை வரி எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் ஒரு ஊரே தேறும். அதன் பூர்வீகக் கதைதான் இது. நடுவில் என் சொந்தக் கதையும் வரும். அது கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

ஒரு பொட்டியைப் பல பொட்டி மாதிரி காட்டும் வித்தை கிளவுட்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் க்ரீஸி, லெஸ் கொமோ முதலானோர் சிபி-40 என்று ஒன்றைச் செய்தார்கள். 1967 ஜனவரியில் அது நிஜ வேலைக்கு வந்தது. கொஞ்சம் மாற்றி அமைத்த ஒரே ஒரு சிஸ்டம்/360 மெஷினில் 14 விர்ச்சுவல் மெஷின்கள். ஒவ்வொருவருக்கும் தன்னிடம் தனி கம்ப்யூட்டர் இருப்பதாக நினைப்பு. 1972-ல் இதையே விஎம்/370 என்று ஐபிஎம் கடைக்குக் கொண்டுவந்தது. அப்போது எந்த சர்வரில் வைப்பது என்ற கேள்வியே கிடையாது. இருந்ததே ஒரு மெஷின்தானே! யாருக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் பிரச்சினை. எங்கே என்ற தலைவலி பின்னால் வந்தது.

1974-ல் போப்பெக், கோல்ட்பெர்க் என்ற இருவர், ஒரு சிப்பை ஒழுங்காக இப்படித் துண்டு போட அதற்கு என்ன குணம் வேண்டும் என்று இலக்கணம் எழுதினார்கள். நம்ம வீட்டு இன்டெல் சிப் அந்தப் பரீட்சையில் ஃபெயில். பென்டியத்தில் 17 கட்டளைகள் இடக்குப் பண்ணுகின்றன என்று 2000-ல் ஒரு ஆய்வே வந்தது. அதற்கு முன்பே, 1998-ல் தொடங்கிய விஎம்வேர், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி டகால்டி வேலை காட்டிவிட்டது. 2003-ல் வந்த க்ஸென் வேறு வழி பிடித்தது: உள்ளே ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே கொஞ்சம் திருத்திவிடு. (அதுவும் கேம்பிரிட்ஜ், ஆனால் இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்.) 2005, 2006-ல் இன்டெலும் ஏஎம்டியும் சிப்பிலேயே வசதியை வைத்தார்கள். 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20 உடன் கேவிஎம் சேர்ந்து வந்ததும் இந்த வித்தை லினக்ஸுக்குள்ளேயே ஓசியில் கிடைக்கத் தொடங்கியது.

ஒரு சின்ன இடைச்செருகல். சிப்பில் வசதி இருந்தாலும், பல சர்வர்களில் பயாஸில் அதை அணைத்தே அனுப்பிவைப்பார்கள். அது தெரியாமல் "கேவிஎம் லோட் ஆகலை" என்று இரண்டு நாள் லினக்ஸைத் திட்டியவர்கள் சங்கத்தில் நானும் ஆயுட்கால உறுப்பினர். ஹிஹி.

சரி, மேட்டருக்கு வருவோம். 2006 ஆகஸ்டில் அமேசான் இசி2 வந்தது. வாடகைக்கு மெஷின். அதையே நம் வீட்டுக்குள் செய்துகொள்ள 2008-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்திலிருந்து யூகலிப்டஸ் வந்தது. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் நெபுலா என்ற கிளவுடை முதலில் அதை வைத்துத்தான் கட்டினார்கள். அளவு பெருகியபோது மூச்சு வாங்கியது. திருத்தலாம் என்றால் அதன் ஒரு பகுதி மூடிய கோடு. இவர்கள் எழுதிய திருத்தம் உள்ளே போகவில்லை. போதும்டா சாமி என்று அங்கே வேலை பார்த்த ஆன்சோ லேப்ஸ்காரர்கள் பைத்தானில் சொந்தமாக எழுதியதுதான் நோவா. 2010 ஜூலையில் நாசாவும், ஃபைல் சேமிக்கும் ஸ்விஃப்ட்டைக் கொடுத்த ராக்ஸ்பேஸும் சேர்ந்து ஓப்பன்ஸ்டாக்கை அறிவித்தார்கள். அக்டோபரில் முதல் வெளியீடு, பெயர் ஆஸ்டின். இதில் வேடிக்கை, பெற்ற தாயான நாசாவே 2012-ல் நெபுலாவை ஒதுக்கிவிட்டு அமேசான் போன்ற வெளிக் கிளவுடுக்குப் போய்விட்டது. பிள்ளை மட்டும் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. 2013-லிருந்து செர்ன் ஆராய்ச்சிக்கூடமே இதில்தான் தன் கிளவுடை ஓட்டியது.

ஆரம்பகால ஷெட்யூலரைப் பார்த்தால் சிரிப்பு வரும். சான்ஸ் என்று ஒன்று: உயிரோடு இருக்கும் சர்வர்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடுவது. சிம்பிள் என்று இன்னொன்று: வேலை குறைவாக இருப்பதைப் பார்த்துக் கொடுப்பது. பிறகுதான் நம்ம சித்தப்பா முறை வந்தது. முதலில் வடிகட்டிகள்: சர்வர் உயிரோடு இருக்கிறதா, ரேம் போதுமா, சிபியு போதுமா, கேட்ட ஸோனில் இருக்கிறதா. தப்பிப் பிழைத்தவற்றுக்கு மார்க் போட்டு, அதிக ரேம் காலியாக இருப்பதற்கு முதலிடம்.

சித்தப்பாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. நாலு பேர் ரூமில் ஆறு பேரைப் போடுவது. "எல்லாரும் ஒரே நேரத்துலயா தூங்கப்போறாங்க?" நோவாவிலும் அப்படித்தான். அப்போதெல்லாம் நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் ஒரு சிபியு கோரை 16 ஆகவும், ரேமை ஒன்றரை மடங்காகவும் கணக்கு வைத்துக்கொண்டது. சிபியு பரவாயில்லை, வரிசையில் நிற்கலாம். ரேம் அப்படியில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் லினக்ஸ் தன் ஓஓஎம் கில்லரை அவிழ்த்துவிட்டு எவனையாவது போட்டுத்தள்ளும். போவது யாரோ ஒருவரின் டேட்டாபேஸ்.

இப்போது என் கதை. 2012. புனேயில் ஒரு வாடிக்கையாளருக்காக எஸ்ஸெக்ஸ் வெளியீட்டை நிறுவியிருந்தோம். இரண்டு ராக், ஒவ்வொன்றிலும் ஏழு சர்வர். டீமில் விருதுநகர் பக்கத்துத் தம்பி ஒருவன், கான்ட்ராக்டில் வந்தவன். இரண்டு தடவை ஓஓஎம் கில்லர் வந்து போனதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த ஒன்றரை மடங்கு நமக்குச் சரிப்படாது. ரேம் ரேஷியோவை 1.0 ஆக்கிடலாம்" என்றான். சரி என்றேன். ஆம், வாயால்தான் சொன்னேன், மெயில் இல்லை. மாற்றினான்.

அடுத்த வாரமே ஆரம்பித்தது. புது மெஷின் கேட்டால் சில நேரம் வரும், சில நேரம் "நோ வேலிட் ஹோஸ்ட்". வாடிக்கையாளர் தரப்பில் ஒரு முக்கியமான டெமோ அன்றைக்குப் பார்த்து படுத்துக்கொண்டது. போனில் கத்தல். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்ற கேள்வி. ரேஷியோவை மறுபடி 1.5 ஆக்கினேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ரிப்போர்ட்டில் எழுதினேன்: காரணம், பொறியாளர் செய்த தவறான கான்ஃபிகரேஷன் மாற்றம். "அண்ணா, ரெண்டாவது ராக்ல இடம் இருந்துச்சே, அப்பவும் ஏன் இல்லேன்னுச்சு?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. எனக்கு அன்றைக்குப் பதில் தேடும் பொறுமை இல்லை. "விடுப்பா, அதான் சரியாயிடுச்சுல்ல" என்றேன். அவன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. ஊருக்குப் போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்து ஓஓஎம் கில்லர் மறுபடி வந்தார். முதல் ராக் பிதுங்கி வழிகிறது, இரண்டாவதில் காற்று வாங்குகிறது. அப்போதெல்லாம் சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் கட்டளையைக் கொடுத்தால், உயிரோடு இருந்தால் :-) என்று சிரிக்கும், செத்திருந்தால் மூன்று எக்ஸ் போடும். அதுவரை ஒவ்வொரு தடவை பார்த்தபோதும் ஏதோ சிரிப்புதான் கண்ணில் பட்டிருந்தது. அன்றைக்கு வேறு வேலையில்லாமல் வினாடிக்கொரு தடவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ராக் மொத்தமும் சிரிக்கிறது, சாகிறது, சிரிக்கிறது, சாகிறது. தீபாவளி சீரியல் பல்பு மாதிரி.

நடந்தது இதுதான். ஒவ்வொரு சர்வரும் 10 வினாடிக்கொரு தடவை "இருக்கேன்" என்று டேட்டாபேஸில் நேரம் குறித்துவைக்கும். அந்தக் குறிப்பு 60 வினாடிக்குமேல் பழசானால் சர்வர் செத்ததாக ஷெட்யூலர் முடிவு செய்யும். எஸ்ஸெக்ஸ் காலத்தில் அந்த நேரத்தைக் குறிப்பது சர்வரின் சொந்தக் கடிகாரம். இரண்டாவது ராக்கின் சர்வர்கள் எல்லாம் அந்த ராக்கிலேயே இருந்த ஒரு கிழட்டு மெஷினிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தன. கிழவர் கிட்டத்தட்ட 55 வினாடி பின்தங்கியிருந்தார். ஆக இவர்கள் எழுதும் "இருக்கேன்" எழுதும்போதே 55 வினாடிப் பழசு. அடுத்த ஐந்து வினாடி உயிர், அதற்கடுத்த ஐந்து வினாடி பிணம்.

தம்பி ரேஷியோவைக் குறைத்ததும் முதல் ராக் கணக்குப்படி நிரம்பிவிட்டது. அந்த நேரத்தில் இரண்டாவது ராக் பிணமாக இருந்தால் இடமில்லை, உயிரோடு இருந்தால் இடமுண்டு. நான் 1.5 ஆக்கியதும் முதல் ராக்கில் பொய்யாக இடம் முளைத்தது, நோய் மறைந்துகொண்டது. அவன் செய்தது சரி. நான் செய்தது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்தது. சரிசெய்ய ஆன நேரம் பத்து நிமிஷம்: எல்லா சர்வரையும் ஒரே இடத்தில் மணி கேட்கச் சொன்னேன். ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பினேன். பழைய ரிப்போர்ட்டை எல்லாரும் படித்திருந்தார்கள். திருத்தியதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

2013-ல் வந்த க்ரிஸ்லி வெளியீட்டில் நோவா கண்டக்டர் என்று ஒரு இடைத்தரகர் வந்தார். சர்வர்கள் நேராக டேட்டாபேஸைத் தொடுவது போய், இவர் வழியாக எழுதும் வழக்கம் வந்தது. எங்களைக் கவிழ்த்த மாதிரி குழப்பத்துக்கு இடம் குறைந்தது. எந்த வடிகட்டியில் எண்ணிக்கை பூஜ்யமானது என்று லாகில் எழுதும் நல்ல புத்தியும் பின்னாளில் வந்தது. எனக்குத்தான் லேட்.

ஆனால் சித்தப்பாக்கள் இரண்டு பேரானபோது வேறு கூத்து. ஆளுக்கொரு நோட்டு. இருவரும் ஒரே ரூமை இரண்டு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கதவருகே போனபிறகுதான் சண்டை. தோற்றவர் திரும்பி வந்து வேறு ரூம் கேட்பார். மொத்தம் மூன்று தடவை முயன்றும் கிடைக்காவிட்டால் அதற்கும் அதே வாசகம்தான்: நோ வேலிட் ஹோஸ்ட். இடம் இருந்தும் இடமில்லை. இதைத் தீர்க்க வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 2016-ல் நியூட்டன் வெளியீட்டில் ப்ளேஸ்மென்ட் என்ற தனி ரிஜிஸ்டர் வந்தது. 2017-ல் பைக் வெளியீட்டிலிருந்து ஷெட்யூலர் ஆளை அனுப்பும் முன்பே அதில் பேர் எழுதி இடத்தைப் பிடித்துவிடும். வேறு யாராவது நடுவில் எழுதியிருந்தால் ரிஜிஸ்டரே மறுத்துவிடும், மறுபடி பார்த்துத்தான் எழுதவேண்டும். 2019-ல் ஸ்டெயின் வெளியீட்டில் அது தனிக்குடித்தனம் போனது.

ஒன்றைத் தீர்த்தால் ஒன்று வருமே. 2017-ன் ஒக்காட்டாவிலிருந்து செல்ஸ் என்ற அமைப்பு கட்டாயமானது. புது சர்வர் சேர்த்தால் "டிஸ்கவர் ஹோஸ்ட்ஸ்" என்று ஒரு கட்டளை கொடுக்கவேண்டும், அல்லது தானாக நடக்கும்படி அமைக்கவேண்டும். மறந்தால் சர்வர் பட்டியலில் உயிரோடு தெரியும், ஒரு மெஷின்கூட அங்கே போகாது. புது ரூம் கட்டி பெயிண்டும் அடித்தாயிற்று, சித்தப்பா நோட்டில் எழுதவில்லை!

பின்னாளில் வந்த ஒரு வெளியீட்டின் குறிப்புகளை மேய்ந்துகொண்டிருந்தேன். ஒன்றும் மாற்றாவிட்டால் சிபியு ரேஷியோ இனி 16 இல்லை, 4. ரேம் ரேஷியோ ஒன்றரை இல்லை, 1.0. தம்பி 2012-ல் சொன்ன அதே எண்.

கடிகார விஷயத்தை அப்போதே அவனுக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நம்பர் மாறியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். மாறவில்லை. அந்தக் குறிப்பின் படத்தையும், கிழவர் கடிகாரக் கதையையும், மன்னிப்பையும் சேர்த்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அவன் இப்போது கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருக்கிறான். சாயங்காலம் பதில் வந்தது.

"ரேஷியோ எல்லாம் மறந்தே போச்சுண்ணா. அந்த ஊர் சாப்பாடு ஒத்துக்கலைன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."