மூடனுக்காக ஒரு முறையீடு

கடவுள் உண்டா, இல்லையா? இந்த வழக்கில் தருக்கம் எப்பக்கம் நிற்கிறது? "எம் பக்கமே" என்பர் நம்புவோர். மறுப்போரும் அவ்வாறே மார்தட்டுவர். நாம் வழக்கின் வரலாற்றையே புரட்டிப் பார்ப்போம்.

11ஆம் நூற்றாண்டு. நார்மண்டியில் பெக் என்னும் மடம். அங்கிருந்த ஆன்செல்ம் என்ற துறவி, மறைநூலின் துணையின்றி, அறிவொன்றையே கொண்டு கடவுளை நிலைநாட்டுவதாக, 1077-78 அளவில் ஓர் ஏடு எழுதினார். வாதம் இது: கடவுள் என்பது, தன்னினும் பெரியதொன்றை எண்ணவே இயலாத பொருள். அப்பொருள் எண்ணத்தில் மட்டும் இருக்குமானால், உண்மையிலும் இருக்கும் ஒன்று அதனினும் பெரிதாகிவிடும். அது முரண். ஆகவே, கடவுள் உண்டு! கடவுள் இல்லை என்று உள்ளத்தில் எண்ணுவோனை மூடன் என்கிறது விவிலியம். அந்த மூடனின் வாயை அடைத்துவிட்டதாகவே ஆன்செல்ம் கருதினார்.

மறுத்தெழுந்தவர் யார்? நாத்திகரா? அல்லர். அவரும் ஒரு துறவியே! மார்முத்தியே மடத்துக் கானிலோ, 'மூடனுக்காக' வழக்காட வந்தார். எல்லாத் தீவுகளினும் சிறந்த தீவொன்று கடல் நடுவே உண்டு என்று ஒருவன் கூறுகிறான். கூறுவது நமக்கு விளங்குகிறது. 'இல்லாத தீவு சிறந்த தீவாகாது. ஆகவே அது இருந்தே தீரவேண்டும்' என்று அவன் தொடர்ந்தால், ஒப்புவோமா? இதுவே கானிலோவின் கேள்வி.

தம் வாதம் தீவுகளுக்கன்று, இல்லாதிருக்கவே இயலாத ஒரு பொருளுக்கே உரியது என ஆன்செல்ம் விடையிறுத்தார். ஆனால், மறுப்பை மறைத்தாரில்லை. மறுப்பையும் விடையையும் தம் ஏட்டுடன் சேர்த்தே படியெடுக்கச் செய்தார்! பின்னர், கிறித்துவப் பேரறிஞர் தாமஸ் அக்குவினாசும் அவ்வாதத்தை ஏற்றாரில்லை. 1781இல் காண்ட் அடிப்படையையே அசைத்தார்: எண்ணத்திலுள்ள நூறு வெள்ளிக்கும் கையிலுள்ள நூறு வெள்ளிக்கும் கருத்தளவில் வேறுபாடில்லை, பை நிறைவதில்தான் வேறுபாடு. 'இருத்தல்' என்பது பொருளின் பண்புகளோடு கூட்டிக்கொள்ளும் இன்னொரு பண்பன்று.

ஒரு சான்று சரிந்ததனால் கடவுள் இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. அப்படிச் சொல்வதும் தருக்கப் பிழையே. வந்த முடிவு, வைத்த அடிப்படையினின்று பிறக்கிறதா என்று அளப்பதே தருக்கத்தின் தொழில். உலகில் என்ன உண்டு என்று அது தானே அறிவிப்பதில்லை. எனினும், ஒன்று உறுதி: உண்டு என்று உரைப்பவரே சான்று காட்டக் கடமைப்பட்டவர். அது வரும்வரை நம்ப மறுப்பவன் மூடனல்லன். அளவுகோலை ஒழுங்காகப் பிடித்தவன்.

அந்த அளவுகோலைப் பிடித்தவர்க்கு நேர்ந்ததென்ன? சான்று போதவில்லை என்று வாதிட்ட துண்டு நூல் தொடர்பாக, கவிஞர் ஷெல்லி 1811இல் ஆக்ஸ்போர்டினின்று நீக்கப்பட்டார். அவருக்கு முன்னரே, மறைநூலைப் பழித்த குற்றத்திற்காக எடின்பரோ மாணவர் தாமஸ் எய்கன்ஹெட் 1697 சனவரி 8இல் தூக்கிலிடப்பட்டார். வயது 20! வருந்தி மன்னிப்பு வேண்டியும் இரக்கம் கிட்டவில்லை.

கானிலோவின் மறுப்புக்கு ஏட்டில் இடம். எய்கன்ஹெட்டின் மறுப்புக்குக் கயிறு. தம் வாதத்தில் நம்பிக்கை உடையவர் மறுப்பைப் படியெடுக்கிறார், அஞ்சுபவர் கயிறெடுக்கிறார். கடவுளைப் பற்றி எம்முடிவுக்கு வருவோரும் ஆகுக, கேட்பவன் கழுத்தை நெரித்துப் பெறும் மௌனம் விடையாகாது என்பதை மட்டும் மறவாதிருப்போமாக!